பழைய வீட்டில் புதிய அறைகள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய வீடுகளின் அறைகளைப் புதுப்பிப்பது குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, வண்ணம், விளக்கு, திரைச்சீலை என்று தொடங்கி, கடைசி வரியில் "மழைக்காலத்தில் கொஞ்சம் ஒழுகும்" என்றோ "சுவர் லேசாக உப்புப் பூக்கும்" என்றோ முடிகின்றன. அந்தக் கடைசி வரிகளுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: எங்கள் வீடு என் மாமனாரின் தந்தை கட்டியது. கூடத்தின் மேல்தளம், கட்டைகளும் செங்கல்லும் வெளியே தெரியும் மெட்ராஸ் டெரஸ். அவ்வப்போது சுண்ணாம்புப் பொடி சோபாவின் மேல் உதிர்கிறது. பார்க்கவும் பழமையாக இருக்கிறது. ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் அடித்து, உள்ளே வரிசையாக விளக்குகளைப் பதித்துவிட்டால் கூடம் புத்தம்புதிதாகிவிடும் என்று இன்டீரியர் வேலை செய்பவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. பொடி ஏன் உதிர்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை மூடிவிட்டால், பலகைக்கு மேலே உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மெட்ராஸ் டெரஸ் தளத்தில் சுவரிலிருந்து சுவருக்குத் தேக்குக் கட்டைகளை ஏறக்குறைய ஒன்றரை அடி இடைவெளியில் வைத்து, ஓர் அங்குலக் கனமே உள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாக வரிசை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3, 4 அங்குலத்துக்குத் தளம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருப்பார்கள். இதில் கம்பியும் கிடையாது, சிமென்ட்டும் கிடையாது. பாரம் முழுவதையும் சுமப்பவை அந்தக் கட்டைகள். அவற்றில் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி. ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் ஏறும்.

ஆகவே, ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையையும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். நல்ல தேக்கு கணீரென்று கேட்கும். உள்ளே அரித்துப்போனது பொத்தென்று கேட்கும். சுவரை ஒட்டிய நுனியில் ஸ்க்ரூடிரைவரின் முனையை அழுத்தும்போது அது எளிதாக உள்ளே இறங்கினால், அந்தக் கட்டையின் மேல் சாக்கட்டியால் ஓர் அடையாளம் இடுங்கள். கருத்த கறை, கரையானின் மண் தடம் ஆகியவற்றையும் கவனியுங்கள். பொடி கூடம் முழுவதும் பரவலாக உதிர்ந்தால், அது பெரும்பாலும் பல தடவை அடித்த வெள்ளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து உரிவதுதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உதிர்ந்தால், அந்த இடத்தை ஒட்டி மாடியிலிருந்து நீர் இறங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மாடியில் தட்டோடுகளின் இணைப்பு, கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலை, மழைநீர் வெளியேறும் வாய் ஆகிய மூன்றும் முக்கியம். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால், கிள்ளி எறிவதில் பயனில்லை; அந்த இடத்துக் காரையைப் பெயர்த்து வேரோடு எடுக்க வேண்டும். ஒழுகும் மாடிக்கு மேஸ்திரிகள் பலர் சொல்லும் மருந்து, இருக்கிற தளத்தின் மேலேயே ஓர் அங்குலம் சிமென்ட் கலவை போட்டுவிடுவது. அதன் எடை சதுர அடிக்கு நாலரை கிலோவுக்கு மேல் வரும். 200 சதுர அடிக் கூடத்துக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு டன். அந்த ஒரு டன்னையும் வயதான கட்டைகளே சுமக்க வேண்டும். அதோடு, சென்னை வெயிலில் சிமென்ட் வெடித்து, வெடிப்பு வழியே இறங்கிய நீர் மேலே ஆவியாகிப் போக வழியில்லாமல் சுண்ணாம்புத் தளத்திலேயே தங்கிவிடும். பழுதான தட்டோடுகளை மட்டும் எடுத்துவிட்டு, சுண்ணாம்பும் சுருக்கியும் (செங்கல் தூள்) கலந்த கலவையில் மறுபடி பதிப்பதே சரியான வேலை. ஒன்றிரண்டு கட்டைகள் கெட்டிருந்தால், தளத்துக்கு முட்டு கொடுத்து அவற்றை மாற்றலாம், அல்லது பக்கத்திலேயே 'I' எழுத்து வடிவ இரும்பு விட்டம் (ஐ-செக்ஷன்) ஒன்றைச் சுவரில் ஏற்றி, பாரத்தை அதற்கு மாற்றலாம். இதைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்டீரியர் செய்பவரின் வேலை அன்று இது.

இவ்வளவும் முடிந்த பிறகு, அந்தத் தளத்தை மறைக்க உங்களுக்கே மனம் வராமல் போகலாம். கட்டைகளின் மேலுள்ள பழைய பெயின்ட்டை எடுத்து எண்ணெய் பூசி, இடையிலுள்ள செங்கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால், கூடம் முன்னைவிட உயரமாகத் தெரியும். விளக்குகளைச் சுவரில் பொருத்துங்கள். 11 அடி உயர அறையில் மின்விசிறியைத் தளத்தை ஒட்டி மாட்டினால் காற்று கீழே வராது. தண்டை நீட்டி, இறக்கைகள் தரையிலிருந்து எட்டரை, ஒன்பது அடி உயரத்தில் சுழலும்படி வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தரை முழுவதும் சிவப்பு ஆக்சைடு. சில இடங்களில் முடி போன்ற வெடிப்புகள், ஓரிடத்தில் பள்ளம், பல இடங்களில் நிறம் மங்கல். பெயர்க்காமல் அதன் மேலேயே விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் போடலாம் என்பது என் தங்கையின் யோசனை.
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: தரையை முதலில் தட்டிப் பாருங்கள். வெடிப்பு இருந்தும் சத்தம் கெட்டியாக இருந்தால் அந்தத் தரைக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அந்த வெடிப்புகளோடு வாழ்ந்துவிடலாம். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்கும் இடத்தையும் பள்ளத்தையும் வெட்டி எடுத்து, அடித்தளத்தை இறுக்கி, மறுபடி பூச வேண்டும். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: புதிதாகப் பூசிய இடம் பழைய சிவப்போடு ஒருபோதும் ஒத்துப்போகாது. ஆக்சைடு ஒரே கம்பெனியாக இருந்தாலும், சிமென்ட்டின் நிறமும், கரணையால் தேய்த்த கையின் அழுத்தமும், இத்தனை ஆண்டுகள் நடந்த கால்களும் வேறு. அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டுப் போடுவதைவிட, பள்ளமான பகுதியைச் சதுரமாக வெட்டி, அதில் கறுப்பு ஆக்சைடில் ஒரு கட்டமோ, நான்கு ஆத்தங்குடிக் கற்களோ பதித்துவிட்டால், அது வேண்டுமென்றே செய்த அலங்காரமாகிவிடும்.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஆசிட். குளியலறை கழுவும் ஆசிட்டை இந்தத் தரையில் ஊற்றினால் மேலே இருக்கும் மழமழப்பு அரித்துப்போகும். மென்மையான சோப்பு நீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மெழுகு தேய்த்து மெஷின் பாலிஷ் போட்டால் நிறம் பெருமளவு திரும்பும். அதன் பிறகு எப்போதாவது தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் துடைத்தால் போதும். எண்ணெய் மிகுந்தால் வழுக்கும் என்பதை வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மறக்க வேண்டாம்.

மேலேயே டைல்ஸ் ஒட்டுவது முடியாத காரியமன்று. ஆனால் வழவழப்பான ஆக்சைடு தரையில் கலவை பிடிக்காது. கொத்திவிட்டு ஒட்ட வேண்டும், அல்லது அதற்கான பசையைப் பயன்படுத்த வேண்டும். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்வதால், எல்லாக் கதவுகளின் அடியையும் ஆசாரியை அழைத்து இழைக்க வேண்டும். கொத்திய ஆக்சைடு தரை திரும்பக் கிடைக்காது.

தங்கையின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கீழ்த்தளத்தில் ஓதம் (மண்ணிலிருந்து ஏறும் ஈரம்) இல்லையென்றால் மட்டும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் இந்தக் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். கண்ணாடியைத் தொட்ட முகத்துக்கு அதனாலேயே பளபளப்பு வந்துவிடுகிறது. அடியிலிருந்து ஈரம் ஏறும் தரையில் இவற்றைப் பதித்தால் உப்பு மேலே வந்து பூத்து, பூவேலை மங்கிவிடும்.

கேள்வி: தரைத்தளத்தில் படுக்கையறைச் சுவர் கீழிருந்து மூன்றடி உயரம் வரை பொரிந்து, உப்புப் பூத்து உதிர்கிறது. இரண்டு முறை சுரண்டி, பட்டி பார்த்து, விலை உயர்ந்த டேம்ப்-ப்ரூஃப் பெயின்ட் அடித்தோம். ஒரே மழைக்காலத்தில் பழைய நிலை. இந்த முறை நான்கடி உயரத்துக்குப் பிவிசி பேனல் அடித்து மறைத்துவிடலாமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: பேனலுக்குப் பின்னால் ஈரம் இன்னும் நிம்மதியாக மேலே ஏறும். இப்போது மூன்றடியில் நிற்கும் ஓதம், காற்றுப் படாமல் மூடிவிட்டால், ஆவியாகிப் போக இடம் தேடிப் பேனலுக்கு மேலே ஐந்தடியில் வந்து முகம் காட்டும். உங்கள் பெயின்ட் தோற்றதற்கும் இதுவே காரணம்: ஈரத்தைத் தடுக்கும் பூச்சை அறையின் பக்கத்தில் பூசினீர்கள், ஈரமோ பின்னாலிருந்து வருகிறது.

தரையிலிருந்து ஒரே சீரான உயரத்துக்கு ஏறி நிற்கும் ஓதம், அடித்தளத்திலிருந்து செங்கல் உறிஞ்சும் நீர். ஒரு மூலையில் மட்டும் விரிந்து, மேலே போகப் போகக் குறுகினால், அது அந்த இடத்தில் ஏதோ ஒரு குழாய் கசிவதாக இருக்கலாம். சுவரின் மறுபுறம் குளியலறையா என்று முதலில் பாருங்கள். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் சுவருக்குள்ளேயே துருப்பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கசிவது சாதாரணம். எது என்று விளங்காவிட்டால், ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே துளிகள் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறம் மட்டும் நனைந்தால் அறையின் காற்றிலிருந்து படிகிறது, அதற்கு ஜன்னலைத் திறப்பதே மருந்து.

அடித்தளத்து ஈரம்தான் என்று உறுதியானால், வீட்டுக்கு வெளியே வாருங்கள். சுவரை ஒட்டிப் பூந்தொட்டியோ மண் மேடோ இருக்கிறதா, போட்டிகோவின் சிமென்ட் தரை வீட்டை நோக்கிச் சரிகிறதா, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா, மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் சுவரோரத்திலேயே கொட்டுகிறதா? தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டபோது, அவசரத்தில் சுவரை ஒட்டியே குழி எடுத்துவிட்டவர்கள் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், அந்தக் குழியைத் தள்ளி அமைத்தாலே ஓதம் பாதி குறையும்.

பிறகு உள்ளே. ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடி வரை காரையைச் செங்கல் தெரியப் பெயர்த்து, அப்படியே சில வாரங்கள் காய விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுவதை அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள் போய்விடும். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ஈரம் ஏறாதபடி சிலேன், சிலாக்சேன் வகை இரசாயனத்தைச் செலுத்தும் முறையும் உண்டு. அதைச் செய்வதானால் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டும். மறுபூச்சுக்குச் சிமென்ட் வேண்டாம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் சேர்த்துப் பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். உப்புக் கலந்த போர்வெல் தண்ணீரைக் கலவையில் சேர்த்தால் எல்லாம் வீண். நல்ல தண்ணீர் லாரியில் வாங்கினாலும் பரவாயில்லை. கட்டிலையும் பீரோவையும் அந்தச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்து, இப்போது எங்கள் வாசற்படி தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கலாமா, அல்லது உள்ளே தரையை மட்டும் உயர்த்திக்கொண்டு புதுப்பிக்கலாமா?
– வாசகர், கோடம்பாக்கம்

பதில்: சென்னையில் வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள் என்பது உண்மை. ஆனால் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர்களுக்கும் மெட்ராஸ் டெரஸுக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் அறைகள் 11 அடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரடி உள்தரையை உயர்த்தினாலும் பத்தடி மிஞ்சும், இன்றைய ஃபிளாட்டுகளில் அவ்வளவு கிடைப்பதில்லை. நிலைப்படிகளை ஓரடி தூக்க வேண்டியிருக்கும், அதற்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் லின்டலும் உயர வேண்டும். ஜன்னல் அடிமட்டம் தாழ்ந்துவிடுவதால் குழந்தைகள் உள்ள வீட்டில் கம்பிகளைச் சரிபார்க்க வேண்டும். சுவிட்ச் பெட்டிகள், சமையல் மேடை, குளியலறைச் சரிவு என எல்லாமே மாறும். ஆகவே தரையை உயர்த்தும் வேலையைத் தனியாகச் செய்யாமல், வயரிங்கும் குழாய்களும் மாற்றும்போது சேர்த்தே செய்யுங்கள். உயர்த்தப் போடும் மணலுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை இட்டு, அதன் மேல் கான்கிரீட் போட்டால் கீழிருந்து வரும் ஓதத்துக்கும் ஒரு தடை கிடைக்கும்.

கேள்வி: பழைய தேக்குக் கதவுகளின் மேல் பச்சை, பழுப்பு என ஐந்தாறு அடுக்குப் பெயின்ட் இருக்கிறது. எல்லாவற்றையும் உப்புத்தாள் மெஷினால் தேய்த்து எடுத்துவிட்டு, மரத்தின் நிறம் தெரிய பாலிஷ் போட ஆசை. வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். புகை, தூசு ஒத்துக்கொள்ளுமா?
– வாசகி, புரசைவாக்கம்

பதில்: பேரன் இருக்கும் வீட்டில் மெஷினை எடுக்கவே விடாதீர்கள். வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவின் அடியிலுள்ள அடுக்குகள் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியவை. அவற்றில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த பெயின்ட்டை மெஷினால் தேய்த்தால், ஈயம் கலந்த தூள் வீடெங்கும் படியும். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு.

கதவுகளைக் கீலிலிருந்து கழற்றி வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். பெயின்ட் ரிமூவர் தடவி, பொங்கியதும் ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைப் பழைய தாளில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மிஞ்சியதை நனைத்து நனைத்துக் கையால் தேய்க்கலாம். கழற்ற முடியாத நிலைகளைச் சுரண்டும் நாட்களில் பேரனையும், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வெயிலும் மழையும் படாத உள்கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெயே போதும்.

கேள்வி: எங்கள் வீடு இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய நீள வீடு. ரேழி, கூடம், அடுத்த அறை எல்லாம் பகலிலும் இருட்டு. எந்த வண்ணம் அடித்தால் வெளிச்சமாக இருக்கும்?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: நீங்கள் இணைத்த வரைபடத்தில், கூடத்துக்கு நடுவே 'பழைய முற்றம், இப்போது ஷீட் போட்டிருக்கிறோம்' என்று ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டைக் கட்டியவர்கள் வெளிச்சத்துக்காக விட்ட இடத்தையே மூடிவிட்டு, வண்ணத்திடம் வெளிச்சம் கேட்கிறீர்கள். வெள்ளைச் சுவர், தன் மேல் விழும் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். விழுவதற்கு ஒளி வேண்டும்.

ஷீட்டை எடுத்துவிட்டு, மழை உள்ளே வரக் கூடாது என்றால், தளத்திலிருந்து ஓரடி உயரத்தில் இரும்புச் சட்டம் எழுப்பி, அதன் மேல் டஃபன்டு கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போடுங்கள். சுற்றிலும் அந்த ஓரடி இடைவெளியைக் கொசுவலை மட்டும் அடித்துத் திறந்தே விட வேண்டும். அடைத்துவிட்டால் சித்திரையில் கூடம் கொதிக்கும். இப்போதிருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால், உடைத்து இறக்க விடாதீர்கள். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து, போல்ட்டுகளைக் கழற்றி, முழுத் தகடாக இறக்க வேண்டும். முற்றத்தின் பழைய நீர்ப்போக்கியை யாராவது சிமென்ட் வைத்து அடைத்திருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

அதன் பிறகு வண்ணம். முற்றத்தைப் பார்க்கும் சுவர்களுக்கு மங்கல் வெள்ளை. உள்ளறைக்குச் சந்தன நிறம் போன்ற இதமான நிறம். ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்த சுவரின் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் படலம் படலமாக உரிந்து வரும்; முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே பிரைமர். இரவுக்கு 2700 முதல் 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் விளக்குகள் பழைய மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் பொருந்தும். திரைச்சீலைக்குக் கோடவுன் தெருவில் மெல்லிய பருத்தித் துணி வாங்கித் தைத்தாலே போதும். இருட்டு வீட்டுக்குக் கனத்த வெல்வெட் எதற்கு?

கேள்வி: 1970களில் கட்டிய வீட்டு வசதி வாரிய வீடு. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து, 'ஓப்பன் கிச்சன்' ஆக்க விரும்புகிறோம். ஒரே நாளில் இடித்துத் தருகிறேன் என்கிறார் மேஸ்திரி.
– வாசகர், அண்ணா நகர்

பதில்: ஒரே நாளில் இடிக்க முடியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வாசல் இருக்கும் இடத்தில் அந்தச் சுவரின் கனத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். பூச்சோடு சேர்ந்து 10 அங்குலம் வந்தால் அது ஒன்பது அங்குலச் சுவர். அக்கால வீடுகளில் தூண்கள் இல்லாமல், கான்கிரீட் தளம் இத்தகைய சுவர்களின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஐந்து, ஐந்தரை அங்குலம் வந்தால் அது நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். மாடியில் அதே கோட்டில் வேறு சுவர் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒன்பது அங்குலச் சுவர் என்றால், முழுவதையும் எடுக்கும் எண்ணத்தை விட்டு, நான்கடி அகலத்துக்கு ஒரு திறப்பு மட்டும் விடுவதே என் யோசனை. பரிமாறுவதற்கு அது போதும். தாளிக்கும் புகையும் மிளகாய் நெடியும் வரவேற்பறை சோபாவில் ஏறாமலும் இருக்கும். நம் சமையலுக்கு முழுத் திறப்புச் சமையலறை எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்பதை, சமைப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். திறப்பு விடும்போதும் வரிசை முக்கியம்: தளத்துக்கு முட்டு கொடுத்து, மேலே லின்டலைச் செருகி, அது இருபுறமும் குறைந்தது ஆறு அங்குலமாவது சுவரில் உட்கார்ந்து இறுகிய பிறகே, கீழே உள்ள செங்கல்லைத் தொட வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உங்கள் வேலைக்கு அனுமதி தேவையா என்பதைப் பதிவு பெற்ற பொறியாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறை அலமாரிகளுக்கு எந்தப் பலகை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிங்க்கின் அடியில் வருவதற்கு, நீர் தாங்கும் வகைக்கான ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பிளைவுட். மற்ற இடங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்கான ஐஎஸ் 303 போதும். பழைய கடப்பா கல் தட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். கரையான் தொடாத அலமாரி அவைதாம்.

கேள்வி: மரப்பட்டையின் மேல் ஓடும் பழைய வயரிங், பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். பார்க்க அழகாக இருப்பதால் அப்படியே வைத்துக்கொண்டு, படுக்கையறைக்கு மட்டும் ஏசி மாட்டலாமா?
– வாசகி, ராயப்பேட்டை

பதில்: கூடாது. ஒன்றரை டன் ஏசி ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும், கீசர் இரண்டு கிலோவாட். விளக்கும் விசிறியும் மட்டுமே இருந்த காலத்து வயர் அதற்குச் சூடாகும், மரப்பட்டை அந்தச் சூட்டுக்கு விறகு. மெயின் போர்டிலிருந்து ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர், மற்ற பிளக்குகளுக்கு 2.5, விளக்குகளுக்கு 1.5 என்று புதிதாக இழுங்கள். எர்த் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக நினைக்க வேண்டாம். ஃபியூஸ் கட்டையோ, இப்போது அதன் இடத்தில் வரும் எம்சிபி சுவிட்சோ ஷாக்கிலிருந்து மனிதரைக் காப்பாற்றாது. அதற்கு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று அவசியம். மின்வாரியத்திடம் பெற்றுள்ள லோடு போதுமா என்பதையும் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் குறுக்குவாட்டில் நீளமாக வயருக்கான பள்ளம் (காடி) வெட்டினால் சுவர் பலவீனமாகும். நெட்டுவாட்டில் மட்டும் வெட்டுங்கள், அல்லது வெளியே தெரியும்படி குழாயிலேயே ஓடவிடுங்கள். அந்தப் பீங்கான் கட்டைகளை மின்சாரம் இல்லாமல் அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

கேள்வி: பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்கு ஊஞ்சலை, 1980களில் கட்டிய எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் மாட்ட வேண்டும். தளத்தில் ஒரு மூலையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது.
– வாசகர், பெசன்ட் நகர்

பதில்: கம்பி தெரியும் தளத்தில் ஊஞ்சலைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடற்காற்றின் உப்பு பட்டுத் துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைத் தள்ளுகிறது; பெயர்ந்த இடத்தைச் சிமென்ட் வைத்து அடைத்தால் துரு உள்ளே தொடரும். தளர்ந்த கான்கிரீட் முழுவதையும் தட்டி எடுத்து, கம்பியின் பின்புறம் வரை துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கூடுதல் கம்பி கட்ட வேண்டும். மேல் வீட்டாரும் சங்கமும் சம்பந்தப்பட்ட வேலை இது. ஊஞ்சலுக்கு, நான்கு காலில் நிற்கும் இரும்பு அல்லது மரச் சட்டம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐப்பசியில் வேலையைத் தொடங்க நினைக்கிறோம். மார்கழி வந்துவிட்டால் பெரியவர்கள் எதையும் தொடங்க விடமாட்டார்கள்.
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் மாடியைப் பெயர்ப்பதும், பூசிய சுவரைக் காய வைப்பதும் நடக்கிற காரியமில்லை. ஆனால் ஒழுகலைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல காலமும் இல்லை. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பென்சிலோடு அறை அறையாகச் சுற்றி வாருங்கள்; பரணுக்குள், பீரோவுக்குப் பின்னால், ஜன்னல் அடிமட்டத்துக்குக் கீழே என்று நனைந்த இடங்களின் ஓரத்தைக் கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். கோடு மழைக்கு மழை விரிகிறதா, நிற்கிறதா என்பதைப் பார்த்தாலே, பொறியாளருக்குப் பாதி வேலை குறையும். தை பிறந்ததும் மாடியில் தொடங்கி, குழாய், வயரிங், பூச்சு, தரை, மரவேலை என்று கீழிறங்கி, பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு கடைசியில் பெயின்ட்டுக்கு வாருங்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தினால், வாசல் சுவருக்கும் பூஜையறைக்கும் மட்டும் ஒரு கை சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள். பென்சில் கோடு போட்ட சுவர்களைப் பெயின்டர் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.